சாலை வகுப்பு அட்டவணையை நிரப்பும் முன்: டர்பனுக்கு வந்திருக்கும் ஒரு தம்பிக்கு

மதுரைப் பக்கம் நாலு வருஷம் நெடுஞ்சாலை வேலை பார்த்துவிட்டு டர்பனுக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “வட கடற்கரையில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே போகும் 14 கி.மீ. இருவழிச் சாலையை மறுவடிவமைக்கிறோம். மென்பொருளில் சாலை வகுப்புக்கான அளவுகளை என்னை உள்ளிடச் சொல்லியிருக்கிறார்கள். சாலை வரையும் மென்பொருளான சிவில் 3டியோடு வரும் அமெரிக்க அட்டவணை இருக்கிறது. ஊரில் பயன்படுத்திய ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலை விதிகள்) கோப்பும் கையில் இருக்கிறது. இங்கே டி.ஆர்.எச். 17 என்ற தென்னாப்பிரிக்க வழிகாட்டியைச் சொல்கிறார்கள். மூன்றிலும் எண்கள் வேறு வேறு. மூன்றிலிருந்தும் பொருத்தமானதை எடுத்து ஒரே அட்டவணையாக்கிவிடலாமா, அண்ணா?”

கூடாது, தம்பி. எந்த மெனுவைத் திறந்து எந்தக் கட்டத்தில் எதைத் தட்டுவது என்பது அரை நாளில் பழகிவிடும். உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் எனக்குக் கவலை தருகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

100 கி.மீ. வேகத்துக்கு மேட்டு வளைவின் கே மதிப்பை எடுத்துக்கொள்வோம். சரிவு 1 சதவீதம் மாறுவதற்கு எத்தனை மீட்டர் நீளம் வேண்டும் என்பதுதான் கே. ஆஷ்டோ என்ற அமெரிக்க நெடுஞ்சாலை அமைப்பின் அட்டவணையில் அது 52. டி.ஆர்.எச். 17இல் 60. ஐ.ஆர்.சி. முறையில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 74. அதே மூன்றிலும் நிறுத்தப் பார்வைத் தூரத்தை, அதாவது தடையைப் பார்த்து வண்டியை நிறுத்தத் தேவையான தூரத்தைப் பாருங்கள். ஆஷ்டோவில் 185 மீட்டர், டி.ஆர்.எச். 17இல் 155, ஐ.ஆர்.சி.யில் 180. அமெரிக்கர்கள் இங்கே கேட்பதைவிட 30 மீட்டர் அதிகம் கேட்கிறார்கள், ஆனால் அவர்களுடைய மேட்டு வளைவு இங்கே உள்ளதைவிடக் குட்டை. காரணம் இதுதான்: அவர்கள் ஓட்டுநரின் கண்ணை 1.08 மீட்டர் உயரத்தில் வைத்து, சாலையில் தெரிய வேண்டிய பொருளின் உயரத்தை 0.60 மீட்டர் என்று கொள்கிறார்கள். முன்னே நிற்கும் காரின் பின்விளக்கு தெரிந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. தென்னாப்பிரிக்க எண்ணில் கண் 1.05, பொருள் 0.15. நம் ஊரில் கண் 1.2, பொருள் 0.15.

ஆக அந்த 155க்குப் பின்னால் ஒரு கண் உயரமும் ஒரு பொருள் உயரமும் ஒரு பிரேக் கணக்கும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றை மட்டும் பிடுங்கி இன்னொன்றின் வீட்டில் வைத்தால் என்ன ஆகும்? 155 மீட்டரை எடுத்து அமெரிக்கச் சூத்திரத்தில் போடுங்கள். 155இன் வர்க்கத்தை, அவர்கள் கண், பொருள் உயரங்களிலிருந்து வரும் 658ஆல் வகுத்தால் 37 வரும். 52உம் இல்லை, 60உம் இல்லை. இரண்டு நாட்டு நிபுணர்களில் ஒருவர்கூட ஒப்புக்கொள்ளாத எண். ஆனால் மென்பொருள் அதை ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொள்ளும்.

இது நானே செய்த தவறு. வந்த புதிதில் ஒரு எக்செல் தாளில் தூரத்தை இங்கிருந்தும் சூத்திரத்தை அங்கிருந்தும் எடுத்து, அந்த 37ஐ வகுப்பு அட்டவணையில் ஏற்றினேன். சாலை வரைபடம் முழுக்கப் பச்சையாக வந்தது, ஒரு எச்சரிக்கைகூட இல்லை. எங்களோடு, டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் பிறந்து வளர்ந்த ஒரு முதிய சர்வேயர் வேலை பார்த்தார். நாங்கள் எல்லாரும் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். சாலையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் நெடுக்குவெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், “இந்த மேடு ரொம்பக் கூர்மையா இருக்கே” என்றார். கணினியைக் காட்டி வாதாடினேன். அவர் பதில் பேசாமல் என்னைத் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ அதே வளைவுள்ள ஒரு தோட்டச் சாலைக்குக் கூட்டிப்போனார். இரண்டு செங்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தார். கிட்டத்தட்ட 15 செ.மீ. உயரம். அப்புறம் மேட்டின் மறுபக்கத்திலிருந்து காரை மெதுவாக ஊர விட்டார். கல் எப்போது தெரிகிறதோ அப்போது சொல் என்றார். சொன்னேன். இறங்கி டேப் பிடித்தோம். 120 மீட்டரை ஒட்டித்தான் இருந்தது. (கணக்கும் 121 என்றுதான் சொல்கிறது.) 100 கி.மீ. வேகத்தில் வருபவர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்கும் 2.5 விநாடிக்குள்ளேயே 69 மீட்டர் போய்விடும். மிச்சம் 52 மீட்டர். “அந்தக் கல்லு இருக்கிற எடத்துல ஒரு புள்ள நின்னா?” என்று கேட்டார். கரும்பு வளர்ந்து நிற்கும் சாலைகளில் பிள்ளைகள் எங்கிருந்து வெளியே வருவார்கள் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அன்று இரவே அட்டவணையை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன்.

சரி, எங்கே தொடங்குவது? கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி: இந்தச் சாலை யாருடையது? தேசிய நெடுஞ்சாலை என்றால் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் சான்ரல் நிறுவனத்தின் வழிகாட்டி. மாகாணச் சாலை என்றால் மாகாணப் போக்குவரத்துத் துறை எதைக் கேட்கிறதோ அது. நகருக்குள் என்றால் டர்பனை ஆளும் ஈத்தெக்வினி மாநகராட்சியின் நடைமுறை. டி.ஆர்.எச். 17 கிராமப்புறச் சாலைகளுக்காக 1988இல் வந்தது. அதற்குப் பிறகு பார்வைத் தூரம், பொருள் உயரம் எல்லாவற்றையும் பற்றி உலகம் முழுக்க மறுபடி யோசித்திருக்கிறார்கள். அதனால் எந்த ஆவணம், எந்தப் பதிப்பு என்று வாய்ச்சொல்லாக இல்லாமல் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியபின் அட்டவணை முழுவதும் அந்த ஒன்றிலிருந்தே வரட்டும். அதில் இல்லாத ஓர் எண் வேண்டியிருந்தால் வெளியிலிருந்து எடுக்கலாம், ஆனால் அதன் சூத்திரம், உராய்வு, கண் உயரம் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்து, பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள்.

அடுத்தது ‘வகுப்பு’ என்ற சொல். இந்த ஒரு சொல்லில் இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். 2012இல் வந்த டி.ஆர்.எச். 26, சாலைகளை அவை செய்யும் வேலையை வைத்து 6 வகுப்பாகப் பிரிக்கிறது. கிராமப்புறத்துக்கு ஆர்1 முதல் ஆர்6 வரை, நகரத்துக்கு யு1 முதல் யு6 வரை. முதல் 3 வகுப்பும் தூரப் பயணத்துக்கு, பின் 3 வகுப்பும் வீடு, கடை, நிலம் இவற்றுக்குப் போய்ச் சேர. இது செயல்பாட்டு வகுப்பு. மென்பொருள் கேட்பது வடிவமைப்பு வகுப்பு. ஒரே ஆர்3 சாலை சமநிலத்தில் 100 கி.மீ. வேகத்துக்கும் மலைப்பகுதியில் 70 கி.மீ. வேகத்துக்கும் வடிவமைக்கப்படலாம். அதனால் மென்பொருளில் ‘ஆர்3’ என்று மொட்டையாகப் பெயர் வைக்காதீர்கள். ‘ஆர்3, 100, மேடுபள்ள நிலம்’ என்பது போல வேகமும் நிலமும் பெயரிலேயே இருக்கட்டும். இன்னொன்று, வெருலம், டொங்காட், ஸ்டாங்கர் வழியாகப் போகும் ஆர்102இல் உள்ள ‘ஆர்’ வெறும் வழித்தட எண். அதற்கும் இந்த ஆர்3க்கும் உறவில்லை. புதிதாக வந்தவர்கள் இதில் குழம்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வேகத்தை முடிவு செய்யும்போது இங்குள்ள சட்டத்தை மனதில் வையுங்கள். பலகை ஏதும் இல்லாவிட்டால் நகர்ப்பகுதிக்குள் 60, நகருக்கு வெளியே பொதுச்சாலையில் 100, ஃப்ரீவேயில் 120. நம் ஊர் வழக்கத்தில் 80 போதும் என்று வகுப்பை அமைத்துவிட்டால், பலகை நடாத இடத்தில் 100 கி.மீ. வேகத்தில் வருபவர் சட்டப்படி சரியாகத்தான் வருகிறார். தவறு உங்கள் அட்டவணையில்தான். நிலம் இடம் கொடுக்காமல் 80க்கு இறங்கத்தான் வேண்டும் என்றால், பலகைத் திட்டமும் வகுப்போடு சேர்ந்தே போக வேண்டும். 14 கி.மீ. முழுக்க ஒரே வேகம் வராது, பரவாயில்லை. செயினேஜ் (தொடக்கத்திலிருந்து அளந்த தூரம்) வாரியாகப் பிரிக்கலாம். ஆனால் 100இலிருந்து நேரே 60க்கு விழ விடாதீர்கள். ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் 20க்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் அந்த இடத்தைத் திரும்ப வரைவேன்.

வேகம் முடிவானதும் ஆரம். வேகத்தின் வர்க்கத்தை, 127ஐ சூப்பர் எலிவேஷனும் (வளைவில் சாலை உள்பக்கம் சாயும் அளவு) பக்க உராய்வும் சேர்ந்த தொகையால் பெருக்கி வருவதால் வகுத்தால் குறைந்தபட்ச ஆரம். இந்தச் சூத்திரம் மூன்று நாட்டிலும் ஒன்றுதான், உள்ளே போடும் உராய்வுதான் வேறு. ஐ.ஆர்.சி. எல்லா வேகத்துக்கும் 0.15 என்று ஒரே மதிப்பை வைத்திருக்கிறது. 7 சதவீத சூப்பர் எலிவேஷனோடு 100 கி.மீ.க்கு 360 மீட்டர் வரும். ஊரில் இதை மனப்பாடமாகச் சொல்வோம். ஆஷ்டோவில் வேகம் ஏற ஏற உராய்வு இறங்கும். 60இல் 0.17, 80இல் 0.14, 100இல் 0.12. வேகமாகப் போகும்போது உடம்பு பக்கவாட்டில் தள்ளப்படுவதை மனிதர் குறைவாகத்தான் பொறுத்துக்கொள்வார் என்பதால். 8 சதவீதத்தோடு அது 394 மீட்டர் ஆகிறது. நீங்கள் பழக்கத்தில் 8 சதவீதத்தையும் 0.15ஐயும் சேர்த்துப் போட்டால் 342. இங்கேயும் கலப்படம் 50 மீட்டரைத் தின்றுவிடுகிறது.

அதிகபட்ச சூப்பர் எலிவேஷனும் இடத்தைப் பொறுத்தது. தோட்டத்து நடுவே 8 அல்லது 10 ஏற்கலாம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற குடியிருப்புக்குள் 4க்கு மேல் போகாதீர்கள். வீட்டு வாசல்களும் சந்திகளும் நெருக்கமாக இருக்கும் இடத்தில் சாலை சாய்ந்தால் வண்டி வாசலில் ஏறாது, மழைத் தண்ணீர் மட்டும் வீட்டுக்குள் ஏறும். காவடி எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பவர்களும் அந்தத் தெருவில்தான் போகிறார்கள்.

சாய்வை எவ்வளவு தூரத்தில் கொண்டுவருவது என்பதற்கும் வகுப்பில் கட்டம் உண்டு. பெரும்பாலோர் கோப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிடுவார்கள். எனக்கு இந்த இடம்தான் முக்கியம். டர்பன் மழையைப் பார்த்திருப்பீர்கள். 2022 ஏப்ரலில் வந்த வெள்ளம் இந்த மாகாணத்துச் சாலைகளை என்ன செய்தது என்பதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. நேர்சாலையில் 2 சதவீதம் வெளிப்பக்கம் சாயும் பாதி, வளைவுக்குள் நுழையும்போது உள்பக்கம் சாய வேண்டும். நடுவில் ஓரிடத்தில் அது பூஜ்யம் ஆகியே தீரும். அங்கே நெடுக்குச் சரிவும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் தண்ணீருக்குப் போக வழியே இல்லை. சாலை நடுவில் மெல்லிய தகடு போல நிற்கும், 100 கி.மீ.யில் வரும் டயர் அதன்மேல் மிதக்கும். 3.7 மீட்டர் தடம், 8 சதவீத சாய்வு, நடுக்கோட்டை வைத்துப் பார்க்கும்போது விளிம்பு ஏறும் சரிவு 0.44 சதவீதம் என்றால் சாய்வு ஏறும் நீளம் 67 மீட்டர், அதற்கு முன் பூஜ்யம் வரைக்கும் இன்னொரு 17 மீட்டர். இந்த எண்கள் மென்பொருளுக்குத் தெரியும். ஆனால் அந்த பூஜ்யப் புள்ளி பள்ள வளைவின் அடியிலோ மேட்டின் உச்சியிலோ போய் விழுகிறதா என்று வகுப்பு அட்டவணை பார்க்காது. நெடுக்குச் சரிவு குறைந்தது 0.5 சதவீதம் என்று வகுப்பில் போடுங்கள், பிறகு ஒவ்வொரு வளைவாகக் கண்ணால் பாருங்கள்.

தடத்தின் அகலத்தைச் சொன்னேன் அல்லவா, ஊரில் ஒரு தடம் 3.5 மீட்டர் என்று பழகியிருப்பீர்கள். இங்கே 3.1, 3.4, 3.7 என்ற மூன்றில் ஒன்றுதான் வரும். பழைய கோப்பிலிருந்து 3.5 நுழைந்துவிட்டால் குறுக்குவெட்டு, சாய்வு நீளம், மண் கணக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தவறும். யாரும் உடனே கண்டுபிடிக்க மாட்டார்கள்.

லாரிகளை மறக்காதீர்கள். துறைமுகத்திலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஏறும் வண்டிகளைப் பார்த்தால் புரியும். இங்கே இணைப்பு லாரி 22 மீட்டர் வரை நீளம் இருக்கலாம், 9 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு வேகவரம்பு 80. வகுப்பில் அதிகபட்சச் சரிவு 6 சதவீதம் என்று போட்டால் மென்பொருள் 6 வரை சரி என்கும், அந்த 6 எத்தனை தூரம் நீள்கிறது என்று கேட்காது. 300 மீட்டர் என்றால் தொல்லை இல்லை. 2 கி.மீ. என்றால் கரும்பு ஏற்றிய வண்டி தவழும், பின்னால் வருபவர் பொறுமை இழந்து எதிர்த்தடத்தில் ஏறுவார். லாரியின் வேகம் 15 கி.மீ.க்கு மேல் குறையும் இடத்தைக் குறித்து, மெதுவான வண்டிகளுக்குத் தனியாக ஏறுதடம் வேண்டுமா என்று பாருங்கள். இறங்கும் பக்கம் இன்னொரு கணக்கு. ஆஷ்டோவின் 185 மீட்டர் சமதரைக்கு. 6 சதவீத இறக்கத்தில் அதுவே 207 ஆகிறது. வகுப்பு அட்டவணை சமதரையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கும்.

வகுப்பு பார்க்காத இன்னொன்று, வெட்டுச் சரிவு. 350 மீட்டர் ஆரம் உங்கள் வகுப்பில் செல்லும் என்று வையுங்கள். உள்தடத்தில் வருபவருக்கு வளைவுக்கு அப்பால் 155 மீட்டர் தெரிய வேண்டுமானால், அவர் பாதையிலிருந்து உள்பக்கம் 8.6 மீட்டருக்கு மண் மேடோ மரமோ கரும்போ இருக்கக்கூடாது. ஆரம் பச்சை, கே பச்சை, ஆனால் வளைவின் உள்ளே சிவப்பு மண் சுவர் மறைத்துக்கொண்டு நிற்கும். தூரத்தின் வர்க்கத்தை ஆரத்தின் 8 மடங்கால் வகுத்தால் இந்த இடைவெளி கிடைத்துவிடும். கைக்கணக்குதான், ஒரு வளைவுக்கு ஒரு நிமிஷம்.

இனி மென்பொருள். சிவில் 3டி என்றால் ‘கரிடார் டிசைன் ஸ்டாண்டர்ட்ஸ்’ கோப்புறையில் மெட்ரிக் பகுதியில் இருக்கும் எக்ஸ்.எம்.எல். கோப்பை நகலெடுத்து, திட்டத்தின் பெயரில் சேமித்து, நகலில் மட்டும் கை வையுங்கள். ‘டிசைன் கிரைட்டீரியா எடிட்டர்’ திறந்தால் ஆரம், சூப்பர் எலிவேஷன், கே என்று கிளைகள் இருக்கும். கேயில் மூன்று அட்டவணை: மேட்டு வளைவுக்கு நிறுத்தப் பார்வை ஒன்று, முந்தும் பார்வை ஒன்று, பள்ள வளைவுக்கு முகப்பு விளக்கு ஒன்று. இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். டி.ஆர்.எச். 17இன்படி 80, 100, 120க்கு மேடு 33, 60, 110. பள்ளம் 25, 36, 52. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கண் ஏமாறும். கிடைத்தளக் கோட்டுக்கு (மேலிருந்து பார்க்கும் பாதை) கோப்பை இணைத்ததோடு நெடுக்குக் கோட்டுக்கும் அது தானாகப் பொருந்திவிடும் என்று நினைக்காதீர்கள், அதன் பண்புகளில் தனியாக ஒரு டிக் அடிக்க வேண்டும். இதை மறந்து, எச்சரிக்கையே வரவில்லை என்று மகிழ்ந்த வரைபடங்களைப் பார்த்திருக்கிறேன். ஓப்பன்ரோட்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் இதே வேலை ‘டிசைன் ஸ்டாண்டர்ட்’ என்ற பெயரில் நடக்கிறது. தென்னாப்பிரிக்காவிலேயே உருவான சிவில் டிசைனரை உங்கள் அலுவலகம் வைத்திருந்தாலும் மேலே சொன்ன எண்கள் மாறாது.

இங்குள்ள நில அளவை ஆயத்தொலைவையும் சரிபாருங்கள். டர்பனுக்கு, 31 பாகை தீர்க்கரேகையை நடுவாகக் கொண்ட லோ31 முறை. அதில் எக்ஸ் தெற்கே கூடும், ஒய் மேற்கே கூடும். குறியை மாற்றாமல் எக்ஸைக் கிழக்கு என்றும் ஒய்யை வடக்கு என்றும் ஏற்றினால் சாலை கண்ணாடியில் பார்த்தது போல் புரண்டுவிடும். இடது வளைவு வலதாகும், சாய்வு தவறான பக்கம் ஏறும்.

வேலை நடக்கும்போது ஒரு வளைவில் மென்பொருளின் எச்சரிக்கைக் குறியான மஞ்சள் முக்கோணம் வரும், நிச்சயம் வரும். ஒரு கோயிலோ, பழைய பாலமோ, விற்க மறுக்கும் ஒரு குடும்பத்தின் நிலமோ வழியில் இருக்கும். அப்போது அட்டவணையைத் திறந்து குறைந்தபட்ச ஆரத்தைக் கொஞ்சம் குறைக்க உங்களிடம் யாராவது சொல்வார்கள். குறைக்காதீர்கள். அந்த ஒரு வளைவுக்காக மாற்றினால் 14 கி.மீ. முழுக்கக் காவல் தளர்ந்துவிடும், அடுத்த திட்டத்துக்கு அந்தக் கோப்பை எடுப்பவருக்கு அது தெரியவே தெரியாது. முக்கோணத்தை அப்படியே விடுங்கள். விலகல் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எந்த செயினேஜ், எவ்வளவு குறைவு, ஏன், ஈடாக என்ன செய்கிறோம் என்று அதில் இருக்கட்டும். எச்சரிக்கைப் பலகையா, வேகக் குறைப்பா, கூடுதல் ஓர அகலமா என்று முடிவு செய்து, சாலைக்குச் சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

கடைசியாக, உண்மையான சாலையில் வகுப்பைப் பூட்டுவதற்கு முன் ஒரு பொய்ச் சாலை வரையுங்கள். 2 கி.மீ. போதும், 100 கி.மீ. வேகம். வேண்டுமென்றே ஒரு வளைவை 300 மீட்டர் ஆரத்தில், ஒரு மேட்டை கே 40இல், ஒரு பள்ளத்தை கே 30இல், ஒரு ஏற்றத்தை 9 சதவீதத்தில் வையுங்கள். நான்கையும் மென்பொருள் பிடிக்க வேண்டும். சரிவு எல்லைக்கு சிவில் 3டியில் தனியாக ஒரு டிசைன் செக் எழுதினால்தான் பிடிக்கும், அதையும் இப்போதே எழுதிவிடலாம். அப்புறம் அதே சாலையில் ஒரு பகுதிக்கு 95 என்று அட்டவணையில் இல்லாத வேகத்தைக் கொடுத்து, மேல் எண்ணை எடுக்கிறதா, கீழ் எண்ணையா, நடுவில் கணக்கிடுகிறதா என்று பாருங்கள். இது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். நான்கில் ஒன்று தப்பித்தாலும் அட்டவணைக்குத் திரும்புங்கள். நான்கும் பிடிபட்ட அந்தத் திரையைப் படமெடுத்து வகுப்புக் கோப்போடு வைத்துவிட்டு, அப்புறம் கரும்புத் தோட்டத்துச் சாலையைத் திறக்கலாம்.